தலைமையாசிரியையின் குரலால் வந்த கோளாறு

நீதியில் நாட்டமுடையோரே, சற்று நில்லுங்கள். நின்று இந்தக் காகிதத்தைப் படியுங்கள்.

"கோளாறு: பிரேக் பெடல் சென்சார் சர்க்யூட். காரணம்: பின்னிருக்கையில் அமரும் அம்மையாரின் குரல். பரிந்துரை: வண்டி ஓடுகையில் அம்மையார் பேசாதிருத்தல் நலம்."

கீழே கையொப்பம், முத்திரை, தேதி. ஒரு பெண்மணி தன் சொந்தக் காரில் வாய் திறக்கலாகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எழுதியது அரசன் அல்லன், சமயம் அன்று, சட்டமும் அன்று. எழுதியது ஒரு மல்டிமீட்டர். இக்கொடுமை நிகழ்ந்த விதத்தைக் கேட்டுவிட்டுப் பிறகு உங்கள் வேலையைப் பார்க்கப் போங்கள்.

மின்சாரம் அளக்கும் அந்தக் கருவிக்கு உடையவர் ஒரு கார் எலக்ட்ரீஷியன். பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, ஊரார் வைத்த பெயர் மீட்டர். வண்டியில் என்ன கோளாறு என்று வண்டியில் வந்தவர்களை அவர் கேட்டதே இல்லை. மனிதன் வாய்க்கு வந்ததைச் சொல்வான், கம்பி உள்ளதைத்தான் சொல்லும் என்பது அவர் கொள்கை. பட்டறையின் வாயிலில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகையும் தொங்கிற்று: "மீட்டர் பொய் சொல்லாது." பதினெட்டு ஆண்டுகளாக அந்தப் பலகை காற்றுக்குக்கூட ஆடியதில்லை.

அப்பலகையின் கீழ்தான் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது. கிளட்ச் இல்லாத, தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி. வாங்கி இரண்டு ஆண்டு. நான்கு மாதங்களுக்கு முன்புவரை தும்மல்கூடப் போட்டதில்லை.

பின்னிருக்கையிலிருந்து அச்சக முதலாளி இறங்கினார். அவருக்கு எல்லாம் நேற்றே முடிந்திருக்க வேண்டும். மறுபக்கம் அவர் மனைவி இறங்கினார். பள்ளித் தலைமையாசிரியை. அவருக்கு எதுவும் ஓடக் கூடாது, எல்லாம் வரிசையில் நடக்க வேண்டும். ஓட்டுநர் இறங்கிக் கதவோரம் நின்றார். அவர் அந்த வீட்டுக்கு ஏழாவது ஓட்டுநர். ஓட்டுநர் வண்டியில் பேசக் கூடாது என்பது அந்த வீட்டில் கணவனும் மனைவியும் ஒத்துக்கொண்ட ஒரே விதி.

"நடுரோட்டுல மஞ்சள் விளக்கு எரியுது, வண்டி சவலைப் பிள்ளை மாதிரி நடக்குது" என்றார் முதலாளி. "அவசர வேலை. எப்பத் தருவே?"

"மெதுவா, நல்லாப் பாத்தே குடுங்க" என்றார் தலைமையாசிரியை.

மீட்டர் இருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கணினியைச் செருகினார். பிரேக் பெடல் சென்சார் சர்க்யூட் என்று அது பிழை காட்டியது. பெடலின் மேல் உள்ள இணைப்பைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, மாட்டித் தாமே ஓட்டிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. கொடுத்தனுப்பினார்.

மறுநாள் வண்டி திரும்பி வந்தது.

சென்சாரையே மாற்றினார். தாமே ஓட்டினார். கார் பல்லக்குப் போல் போயிற்று. மூன்றாம் நாள் அது மீண்டும் வாயிலில் நின்றது, விளக்கோடு கருகல் வாடையும் சேர்த்துக்கொண்டு.

டேஷ்போர்டைப் பிரித்துக் கம்பிகளையே புதிதாக இழுத்தார். திரும்பப் பொருத்தியதில் நான்கு கிளிப்புகள் மீந்தன. ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடிற்று. ஆயினும் மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது.

"சார், இனிமே இந்த விளக்கு எரிஞ்சா நான் வாசல் பலகையைக் கழட்டிடறேன்" என்றார் மீட்டர். சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் வாய் சொல்லிவிட்டது. வாயை நம்பக் கூடாது என்பது அவருடைய கொள்கைதானே.

இரண்டு நாள் கழித்து, ஹாரன் அடித்துக்கொண்டும் வைப்பரை ஆட்டிக்கொண்டும் கார் தெருமுனையில் திரும்பியது.

"பலகையைக் கழட்ட ஆள் வேணுமா?" என்றார் முதலாளி.

"ஒரு தடவை நீங்க எல்லாரும் எப்பவும் போற மாதிரியே போங்க சார். நான் கூட வரேன்."

மீட்டர் முன்னிருக்கையில் கணினியை மடியில் வைத்து அமர்ந்தார். தம்பதியர் பின்னே. வண்டி பெருஞ்சாலையில் ஏறியது.

"என்னப்பா, ஊர்வலமா போறோம்? வேகமாப் போ" என்றார் முதலாளி.

"மெல்லப் போப்பா. உயிர் இருந்தாத்தான் ஆபீஸ்" என்றார் தலைமையாசிரியை.

கணினித் திரையில் பிரேக்கைக் காட்டும் கோடு குதித்தது.

"நீ போப்பா, அவ கிடக்கா."

"யார் கிடக்கறது? மெல்லன்னு சொன்னேன்."

கோடு மேலும் குதித்தது. மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மீட்டர் சட்டென்று, பிரேக்கையும் மிதிக்க வேண்டிய ஓட்டுநரின் வலது காலைப் பார்த்தார். அது ஆக்ஸிலரேட்டரின் மேல் அறைந்த ஆணியாகப் பதிந்திருந்தது. காலில் குற்றமில்லை. ஆயினும் பிரேக் மிதிபடுவதாகத் திரை சொல்கிறது. அம்மையார் வாய் திறக்கும்போதெல்லாம் சொல்கிறது.

அறிவியலின் வழியில் அவர் அடுத்த அடியை வைத்தார்.

"மேடம், ஒரு பத்து நிமிஷம் பேசாம வர முடியுமா?"

"எதுக்கு?"

"ஒரு சோதனை."

தலைமையாசிரியை உதட்டை இறுக மூடினார். முதலாளி மட்டும் "போ, போ" என்றார். கார் பறந்தது. கோடு படுத்தே கிடந்தது. விளக்கு எரியவில்லை.

முதலாளியின் முகத்தில் இருபத்தாறு ஆண்டு இல்லறத்தில் தோன்றாத ஒரு பொலிவு தோன்றியது. "இதை எழுத்துல குடுப்பியா?"

மீட்டர் கொடுத்தார். நீங்கள் தொடக்கத்தில் படித்த காகிதம் அதுதான்.

தலைமையாசிரியை அதைப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். பிறகு நிமிர்ந்தார்.

"அறுநூறு பிள்ளைங்க என் குரலைக் கேக்கறாங்க. எந்தப் பிள்ளைக்கும் சர்க்யூட் போகல. இப்ப அவர் வாயை மூடட்டும், நான் பேசறேன். அதையும் சோதிங்க."

"அது தேவையில்ல" என்றார் முதலாளி.

"ஏன், பயமா?"

மறுபடியும் கிளம்பினார்கள். முதலாளி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைமையாசிரியை வீதி நெடுக, "மெல்ல, இன்னும் மெல்ல" என்றார். ஒரு சைக்கிள் அவர்களைக் கடந்தது. நடந்து போன ஒருவர் கடந்துபோய், வண்டியில் பெட்ரோல் இல்லையா என்று விசாரித்தார். விளக்கு எரியவில்லை.

"என் குரல்ல கோளாறு எங்கே?" என்றார் அவர்.

மீட்டர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். கணவர் மட்டும் பேசினால் கோளாறில்லை. மனைவி மட்டும் பேசினாலும் கோளாறில்லை. இருவரும் பேசினால்தான் கோளாறு.

"அப்ப என்ன, கல்யாணம்தான் காரணம்னு எழுதப் போறியா?" என்றார் முதலாளி கைக்குட்டையை எடுத்துவிட்டு.

அந்த ஒரு விஷயத்தில் தலைமையாசிரியை கணவனின் பக்கம் நின்றார். "அதை எழுதினா இன்னொரு சிவப்புப் பேனா வாங்கணும்."

பட்டறைக்கு வந்ததும் மீட்டர் ஏணியைச் சுவரில் சாய்த்தார். ஸ்பானரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். பதினெட்டு ஆண்டுத் துருவில் போல்ட் இறுகியிருந்தது. கழற்ற மனமில்லாத கை, கழன்றுவராத போல்ட். இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக இருந்தன. முதலாவது போல்ட் கடைசியில் அசைந்தது. பலகை ஒரு பக்கம் சரிந்தது.

கீழே ஓட்டுநர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

காரிலிருந்து முதலாளியின் குரல் வந்தது: "ஏம்ப்பா, சீக்கிரம் வா, நேரமாச்சு."

கூடவே தலைமையாசிரியையின் குரலும் வந்தது: "மெல்ல வாப்பா. அந்த மனுஷன் விழுந்துடப் போறாரு."

ஓட்டுநர் வலது காலைக் காரை நோக்கி எடுத்து வைத்தார். இடது காலை ஏணியின் கீழ்ப்படியில் அழுத்தி ஊன்றினார். அந்த நிலையிலேயே, முதன்முறையாக, மேலே பார்த்துப் பேசினார்.

"அண்ணே, பலகையை எதுக்குக் கழட்டறீங்க? மீட்டர் சரியாத்தானே சொல்லுச்சு."

மேலே ஸ்பானர் நின்றது. "என்ன சரி?"

ஓட்டுநர் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு முன்னாடி ஆறு பேரு. மெதுவா ஓட்டறான்னு மூணு பேரைச் சார் அனுப்பிட்டாரு, வேகமா ஓட்டறான்னு மூணு பேரை மேடம் அனுப்பிட்டாங்க. நான் சாருக்கு வலது கால்ல ஆக்ஸிலரேட்டர், மேடத்துக்கு இடது கால்ல பிரேக், ரெண்டையும் சேத்து மிதிக்கிறேன். நாலு மாசமா வேலையில நிக்கிறேன்."

பின்னிருக்கையில் அமர்வோரே, இன்றே உங்களுக்குள் ஒரு வேகத்தை முடிவு செய்யுங்கள். செய்த பிறகு கதவைத் திறங்கள்.