குமுதாவுக்குத் தெரியாமல் ஒரு ரோட்டரி டேபிள்

ஜெலுத்தோங், பினாங்கு.

மீரியில் கடல் நடுவே எண்ணெய் மேடையில் வேலை பார்க்கும் எங்கள் வீட்டுப் பெரிய மனிதர், மாப்பிள்ளை புவனேஸ்வரன் அவர்களுக்கு மாமனார் அர்ஜுனன் சொல்லி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் குமுதாவும் சுகம். உங்கள் ரோட்டரி டேபிளும் இப்போது சுகம். அங்கு உங்கள் சுகத்தையும், காலுக்குக் கீழே கிடக்கும் கடலின் சுகத்தையும் அறிய ஆவல்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுவது பக்கத்து வீட்டு ஹைதர் பாயின் மகள் சல்மா. தமிழ்ப்பள்ளி ஆசிரியை அல்லவா, என் பேச்சையெல்லாம் இஸ்திரி போட்டு எழுதுகிறாள். போனில் சொல்லலாமே என்பீர்கள். போன் குமுதா கையில் இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் என்னிடம் நீட்டுவாள். இதுவோ குமுதா காதுக்குப் போகவே கூடாத விஷயம். போன தீபாவளிக்கு நான் வாஷிங் மெஷினைக் கழற்றி மாட்டியதும், அது துவைக்கத் துவைக்க நடந்து வாசல் கேட் வரைக்கும் வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்கு அவள் சொன்னாள்: "அப்பா, இன்னொரு சாமானக் கழட்டுனீங்க, அவரோட மில்லிங் மெஷின புக்கிட் மெர்தாஜாம்ல கேக்குற ஆளுக்கு அன்னிக்கே வித்துருவேன். சொல்லிட்டேன்லா." சொன்னால் செய்கிறவள். இரும்பு செதுக்க நீங்கள் வாங்கிப் போட்டிருக்கும் அந்த மெஷின் போனால் உங்களுக்கு லீவில் பொழுது போகாது. எனக்கோ வருஷம் பூராவும் போக்கிடம் கிடையாது. ஆகவே இந்தக் கடிதத்தை நீங்கள் ஒருவர் மட்டும் படித்துவிட்டுக் கடலில் போட்டுவிடவும்.

நடந்தது இதுதான். நீங்கள் புறப்படும்போது, "மாமா, அந்த டேபிள் கைப்பிடிய அப்பப்ப சுத்தி விடுங்க, துரு ஏறிடும்" என்று என்னை நம்பி ஒப்படைத்தீர்கள். பதினேழு நாள் சுற்றினேன். மெஷின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த வட்டத் தட்டு, நான் கைப்பிடியைத் திருப்பத் திருப்ப, தேர் முச்சந்தியில் திரும்புகிற மாதிரி மெதுவாகத் திரும்பும். பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு, குமுதா ஃபேக்டரி பஸ் ஏறிய கையோடு போய்ப் பிடித்தேன், மயிரிழைகூட அசையவில்லை. துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவன் கையில் ஒரு சாமான் இறுகிக்கொண்டது என்றால் மாப்பிள்ளை என்ன நினைப்பார்? எழுபத்தொன்பதில் ஒரு கிரேக்கக் கப்பலில் இதே மாதிரி விஞ்ச் இறுகிக்கொண்டபோது, இடது காலுக்கு மட்டும் சாக்ஸ் போட்டிருந்த இரண்டாவது இன்ஜினியர் என்னிடம் வந்து (அந்தக் கப்பல் கதை நான்கு பக்கம் போயிற்று, விட்டுவிட்டேன். - சல்மா) அதனால் நானே கழற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஹைதர் பாயைக் கூப்பிட்டேன். கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். இருவரும் சேர்ந்து அதைத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோய், கண்ணில் பட்ட திருகையெல்லாம் கழற்றினோம். எழுதி வைக்கத் தெரியாதவனுக்கு எது எங்கே இருந்தது என்பதுதான் கணக்கு. ஒரு வாழை இலையை விரித்து வரிசையாகப் பரிமாறினேன்: உப்பு இடத்தில் சின்ன வளையம், ஊறுகாய் இடத்தில் குண்டு பேரிங், கூட்டு இடத்தில் புழு மாதிரி மரை வெட்டிய தண்டு, சோறு விழும் நடுவில் அந்தப் பல்சக்கரத் தட்டு. பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அண்ணே, நீங்க ரிப்பேர் பண்றீங்களா, பந்தி வக்கிறீங்களா?" என்றார். "பாய், பந்தியில உக்காந்தவன் எந்தக் காலத்துல எது எங்க இருந்துச்சுன்னு மறந்திருக்கான்?" என்றேன். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடிக்க இருவரும் கடைப்பக்கம் போனோம்.

அந்த நேரம் பார்த்து உங்கள் அத்தை தனலெட்சுமி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். நான் உட்கார்ந்த பக்கத்திலிருந்து இலை நுனி இடது. அவள் நின்ற பக்கத்திலிருந்து அது வலது. "இது என்ன எழவு வீடா, நுனிய வலது பக்கம் போட்டு வச்சிருக்காரு மனுஷன்!" என்று, நல்ல நாளும் அதுவுமாய்ப் பதறி, புது இலை ஒன்று அறுத்துவந்து முறையாகப் போட்டு, எல்லாவற்றையும் அவள் முறைப்படி மறுபடி பரிமாறிவிட்டாள். எனக்கு என்ன தெரியும்? திரும்பி வந்து, கண்ணை மூடிக்கொண்டு இடம் பார்த்து மாட்டினேன். முன்னே அசையாமல் நின்ற சாமான் இப்போது ஒரு சுற்று சுற்றி, கக்கென்று நின்று, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் போயிற்று.

மறுநாள், இலை புதிதாக இருப்பதைக் கண்டு, உங்கள் அத்தையை உட்கார வைத்து விசாரித்தோம். "ஊறுகா எடத்துல உருண்டை உருண்டையா இருந்துச்சே, அத எங்கடி வச்ச?" "அது பாக்க வடையாட்டம் இருந்துச்சு. வடை எடத்துல வச்சேன்." "அந்தப் புழுத் தண்டு?" "முருங்கைக்காதானே? சாம்பார் பக்கம் தள்ளுனேன்." ஹைதர் பாய் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். ஆனால் அவள் சொன்ன வரிசையைத் திருப்பிப் போட்டதும் எல்லாம் சரியாக வந்தது. மறுபடி கழற்றி உள்ளே பார்த்தால், தயாரித்த பட்டறையிலேயே தங்கிவிட்ட மணலும் கறுத்துப்போன கிரீசும். புதன் பூராவும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ் ஒன்றால் தேய்த்தேன். அது பழையது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. குமுதா இன்னும் தேடுகிறாள்.

வியாழன் அன்று மாட்டும் வேலை. பாய் சொன்னார்: "புழுவும் பல்லும் ஒட்டி உரசக் கூடாதுண்ணே. நடுவுல மெல்லிசா ஒரு தாள வச்சு இறுக்கிட்டு, அப்புறம் தாள உருவிடணும்." சிகரெட் தாள்தான் சரியான கனமாம். பாயோ புகையை விட்டுப் பதினோரு வருஷம். கைக்குக் கிடைத்தது சுவரில் தொங்கிய தினக் காலண்டர். நடப்புத் தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும் என்று, புத்திசாலித்தனமாக அடியிலிருந்த வெள்ளிக்கிழமையை உருவி வைத்தேன். டேபிள் வெண்ணெயாய்ச் சுற்றியது. கைப்பிடி தொண்ணூறு சுற்றுக்குத் தட்டு சரியாக ஒரு சுற்று. ஆனால் மறுநாள் காலை குமுதா வியாழனைக் கிழித்தால், அடியில் சனி நிற்கிறது. "அம்மா, வெள்ளிக்கிழமை எங்கம்மா?" உங்கள் அத்தை தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "இந்த வாரம் அச்சடிக்கலையாம்லா." குமுதா என்னை ஒரு பார்வை பார்த்தாள், மாப்பிள்ளை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, அவள் எப்போதாவது கேட்டால், "நான்தான் மாமாவைக் கழற்றச் சொன்னேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி, அந்த மெஷினையும் என்னையும் காப்பாற்ற வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். நம்மூர்க் கோயில் தண்ணீர்மலையான் உங்கள் கால் வழுக்காமலும் கயிறு அறாமலும் பார்த்துக்கொள்வான். அத்தை உங்களை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். ஹைதர் பாய் சலாம் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார் அர்ஜுனன்
(கைநாட்டு; கறுப்பாக இருப்பது மை இல்லை, கிரீஸ்)

பி.கு.: என்னங்க, நான் குமுதா. சல்மா உறையில் விலாசம் எழுதாமலே போய்விட்டாள். அப்பா சாயங்காலம் என்னிடமே கொண்டுவந்து, "உள்ள பாக்காத, மேல மாப்ள விலாசத்த மட்டும் எழுதிக் குடு" என்றார். அந்த டேபிள் இறுகவே இல்லை. காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கிறாரே, விரல் கிரல் மாட்டிக்கொள்ளப் போகிறது என்று, பக்கவாட்டில் இருக்கும் பூட்டுத் திருகு இரண்டையும் பதினேழாம் நாள் இரவு முறுக்கி வைத்தது நான்தான். செவ்வாய்க்கிழமை அவற்றைக் கழற்றியபோதே டேபிள் சரியாகிவிட்டது. மீதி வேலை எல்லாம் அவர்களாக இழுத்துக்கொண்டது. புக்கிட் மெர்தாஜாமில் மெஷின் கேட்ட ஆள் என்று யாரும் கிடையாது. இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த நாட்களில் அவர் முட்டி வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மருந்தை யாரும் ஞாபகப்படுத்தாமலே எடுத்துப் போட்டுக்கொண்டார். அதனால் நாளைக் காலை பஸ் ஏறும் முன், இரண்டு திருகையும் போன தடவையைவிடக் கொஞ்சம் அழுத்தியே முறுக்கிவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன்.