தொய்வே இல்ல மாமா

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், அம்மா நலம், கட்டடம் நிற்கிறது. அங்கு தாங்களும் அத்தையும், பிள்ளை பெற்றிருக்கும் பெரியவளும், அந்தக் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போன் என்றால் முதல் வரியிலேயே திட்ட ஆரம்பிப்பீர்கள். கடிதம் என்றால் நான் முடித்த பிறகுதான் திட்ட முடியும்.

விஷயம் பல் டாக்டர் கட்டடத்தைப் பற்றியது. பெரியவளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தும் எனக்கு மறக்கவில்லை. "இந்த ஒரு கட்டடத்தை ஒழுங்கா முடிச்சா ஆபீஸ்ல உனக்கு நாற்காலி. சொதப்பினா திரும்பவும் காலேஜ், அதே ரெண்டாம் வருஷம், அதே பெஞ்சு." அந்தப் பெஞ்சுல இப்போ பொடிப் பசங்க உட்கார்ந்திருப்பாங்க மாமா. என்னை அண்ணான்னு கூப்பிடுவாங்க. அதை நினைச்சு நினைச்சுத்தான் வேலை பார்த்தேன்.

நீங்க போன மறுநாளே டாக்டர் வந்து நின்னுட்டார். கீழ்த்தளத்துல வண்டி நிறுத்த இடம், முதல் மாடியில ஒரு பாதி அவரோட கிளினிக், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டம்மாவோட உடற்பயிற்சி வகுப்பு, அதுக்கு மேல மூணு மாடி, அதை நீங்க திரும்பி வந்ததும் எழுப்புறதா ஏற்பாடு, அதுவரைக்கும் தகரக் கூரை. இதுல மாத்தமில்ல. ஆனா வரைபடத்துல கீழ்த்தளத்துக்கு நடுவுல நீங்க வரிசையா தூண் போட்டிருந்தீங்களே, அது அவருக்குப் பிடிக்கல. "தூண் இருந்தா வண்டியை ஒரே வீச்சுல திருப்ப முடியாது தம்பி, எடுத்துடுங்க"ன்னார். எடுத்தா தளத்தைத் தாங்குற உத்தரம் ரெண்டு மடங்கு நீளமாகும், அப்போ உயரமான உத்தரமா போடணும்னு சொன்னேன். "உயரமா போட்டா கீழ தொங்கும், வண்டி மேல இடிக்கும். அதுவும் வேணாம்." பல்லும் வேணாம், எலும்பும் கடிக்கணும்னா எப்படி டாக்டர்னு கேட்டேன். அவர் சிரிக்கல. வீட்டுக்காரர் மனசு கோணக் கூடாதுன்னு நீங்கதானே அடிக்கடி சொல்வீங்க, அதனால தூணை எடுத்துட்டேன்.

அப்புறம் இரும்பு உத்தர அட்டவணையை விரிச்சு வெச்சுத் தேடினதுல, குட்டையா, ஆனா குண்டா ஒண்ணு கிடைச்சுது. உடையுமான்னு கணக்குப் போட்டேன். உடையாது. இன்னொரு தடவை போட்டேன், அப்பவும் உடையாது. இதுல நீங்க என்னைச் சந்தேகப்படவே வேணாம், ஏன்னா காலேஜ்ல நான் உருப்படியா கத்துக்கிட்ட கடைசிப் பாடம் அதுதான். அதுக்கு அடுத்த பாடம் ஆரம்பிச்ச அன்னிக்குப் பையைத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். அந்த அடுத்த பாடம், பாரம் ஏறினா உத்தரம் எவ்வளவு தொய்யும்ங்கிறதாம். இப்போதான் தெரியுது.

இந்த இடத்துலதான் உங்க பங்கும் வருது. தமிழ்ல கட்டுமானப் புத்தகம் எழுத ஆரம்பிச்சதுல இருந்து உங்க வாயில ஒரு இங்கிலீஷ் வார்த்தை வர்றதில்ல. அந்தத் தொய்வையே இங்கிலீஷ்ல, டிஃப்ளெக்‌ஷன் பார்த்தியாடான்னு கேட்டிருந்தா திருதிருன்னு முழிச்சிருப்பேன், நீங்களும் கண்டுபிடிச்சிருப்பீங்க. நீங்க போன்ல கேட்டது என்ன?

"உத்தரம் முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் மாமா."

"தொய்வு எப்படி?"

"தொய்வே இல்ல மாமா."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல. எல்லாரும் பறந்து பறந்து வேலை பார்க்கிறோம்."

அந்த நேரம் பார்த்து குழந்தை வீறிட்டுச்சு, நீங்களும் "நல்லது, நல்லது"ன்னு வெச்சுட்டீங்க. நீங்க கேட்டது உத்தரத்தை, நான் சொன்னது ஆட்களை. யார் மேல தப்பு, நீங்களே சொல்லுங்க.

கான்கிரீட் ஊத்துற அன்னிக்கு மேஸ்திரி மட்டக்கோலை வெச்சுப் பார்த்தா நடுவுல பள்ளம். அதுல இன்னும் ரெண்டு கூடை கொட்டினார். மறுபடியும் பள்ளம். "தம்பி, தளம் குடிச்சுக்கிட்டே இருக்கு"ன்னார். குடிச்சா குடிக்கட்டும், ஊத்துங்கன்னேன். ஊத்த ஊத்தக் கனம், கனம் ஏற ஏற உத்தரம் கீழ இறங்குது, இறங்கின இடத்தை நிரப்ப மறுபடி ஊத்துறோம். கடைசியில மேல மட்டம் பளிங்கு மாதிரி வந்துச்சு. கீழ போய் அண்ணாந்து பார்த்தா ஒவ்வொரு உத்தரத்துக்கும் தொந்தி. "இது நிக்குமா?"ன்னு மேஸ்திரி கேட்டார். நிக்கும், ரெண்டு தடவை கணக்குப் போட்டாச்சுன்னு சொன்னேன். நிக்கவும் செஞ்சுது. நின்ன இடத்துல ஆடும்னு அப்போ எனக்குத் தெரியாது.

தளம் இறுகினதும் டாக்டருக்குப் பொறுக்கல, நாற்காலியைக் கொண்டு வந்து மாட்டிட்டார். எனக்குக் கடைவாயில ஒரு சொத்தைப் பல்லு ரொம்ப நாளா குடைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. "முதல் போணி நீங்கதான் தம்பி, காசு வேணாம், படுங்க"ன்னார். படுத்தேன். வாயில பஞ்சை அடைச்சு, மிஷினை உள்ள விட்டார். அதே நேரம் தடுப்புக்கு அந்தப் பக்கம் வீட்டம்மா, "எல்லாரும் ஒண்ணா குதிங்க! ஒண்ணு! ரெண்டு!"ன்னு ஆரம்பிச்சாங்க. அவங்க ஒண்ணுன்னா நாற்காலி ஏறுது, ரெண்டுன்னா இறங்குது. கிண்ணத்துல தண்ணி தளும்புது, தட்டுல இடுக்கியெல்லாம் தாளம் போடுது.

"ஆடாதீங்க தம்பி."

"ஆங், ஆங்." நான் ஆடல, தளம் ஆடுதுன்னு அதுக்கு அர்த்தம்.

"பயப்படக் கூடாது. சின்னப் பிள்ளையா நீங்க?"

மிஷின் சொத்தைப் பல்லை விட்டுட்டுப் பக்கத்துப் பல்லுக்குப் போச்சு, அங்கேயிருந்து நாக்குக்கு வந்துச்சு. அப்புறம்தான் டாக்டருக்கே உறைச்சுது. தடுப்பைத் தட்டி, "கொஞ்சம் மெதுவா குதிக்கச் சொல்லேன்!"ன்னு கத்தினார்.

"மெதுவா எப்படிங்க குதிக்கிறது? நீங்க வேணா மெதுவா பிடுங்குங்க!"

"இங்க ஒரு மனுஷன் வாயைத் திறந்துட்டுக் கிடக்கிறான்!"

"அங்க ஒரு வாய். இங்க பன்னெண்டு பேர் இருக்காங்க!"

கடைசியில ரெண்டு பேரும் ராசியாகி என் பக்கம் திரும்பி, "இதைக் கட்டினது யாரு?"ன்னு கேட்டாங்க. வாயில பஞ்சோட நான் மறுபடியும் "ஆங், ஆங்"ன்னேன். இது சரியாகாம அடுத்த மாடிக்கு ஒரு செங்கல் ஏறாதுன்னும், உங்ககிட்டயே பேசிக்கிறதாவும் டாக்டர் சொல்லியிருக்கார். அவர் பேசுறதுக்கு முன்னாடி இது உங்க கைக்கு வந்துடணும்னுதான் அவசரமா எழுதுறேன்.

வீங்கின நாக்கோட ஆபீஸுக்கு வந்து, உங்க புத்தகத்துல தொய்வு அத்தியாயம் முழுக்கப் படிச்சேன். நீளம் ரெட்டிப்பானா தொய்வு பதினாறு மடங்காமே மாமா! இதை ஏன் யாரும் வாசல்ல எழுதி வைக்கல? உடையாம இருந்தா மட்டும் போதாது, ஆடாமலும் இருக்கணும்னு இப்போ நல்லா புரிஞ்சுது. நீங்க தூணுக்குப் போட்ட அஸ்திவாரம் அப்படியேதான் கிடக்கு. உத்தரத்தை ஜாக்கி வெச்சுத் தூக்கி, அந்த அஸ்திவாரத்து மேல, உத்தரத்துக்கு நட்டநடுவுல, இரும்புத் தூண் நட ஏற்பாடு பண்ணிட்டேன். டாக்டரும் வேற வழியில்லாம சரின்னுட்டார். இன்னிக்கு வெல்டர் வந்துட்டார். ஆக, சொதப்பினதும் நானே, சரி பண்ணினதும் நானே. கணக்கு நேராயிடுச்சு. காலேஜ் பேச்சை இதோட விட்டுடுங்க. இந்தத் தொழில் எனக்குப் பிடிபட்டுடுச்சு.

அத்தைக்கு என் வணக்கம். பெரியவளை உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க. குழந்தை நிமிர்ந்த முதுகோட நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பொறுப்புள்ள மருமகன்

பி.கு.: உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்தேன். தூண் எல்லாம் நட்டாச்சு, சுவரோரமா. நடுவுல நின்னா வண்டி திருப்ப இடைஞ்சல்னு டாக்டர் தள்ளி நட வெச்சிருக்கார். உத்தரத்துக்கும் தூணுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. யாரைக் கேட்டு நட்டீங்கன்னு வெல்டரைப் பிடிச்சேன். "நீங்கதானே தம்பி காலையில டாக்டர்கிட்ட, தூண் உங்க இஷ்டம் சார்னு சொன்னீங்க?"ங்கிறார். நான் சொன்னது தூணுக்கு அடிக்கிற பெயின்ட் நிறத்தை மாமா. மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுடுங்க. காலேஜ்ல சேர கடைசித் தேதி எதுன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க.