குகைக்குள் இருந்த குளம்

மலையடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வழிகாட்டிப் பலகை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பம்தான் நின்றது.

"சொல்லுங்க மாப்பிள்ளை. இடதா, வலதா?" என்றார் டிரில் மாஸ்டர்.

கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு பாதைகளையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மலையை அவர் இவ்வளவு பக்கத்தில் பார்ப்பதே இதுதான் முதல் தடவை. ஆனால் அதை இப்போது வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவருடைய கல்யாணமே இந்த மலையை நம்பித்தான் நடந்திருந்தது.

சம்பந்தம் பேசிய அன்று மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டவருக்கு, நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து லென்ஸ் துடைக்கிற உடம்பு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பேச்சோடு பேச்சாக, வாலிப வயதில் தான் சுண்ணாம்புக்கல் குகைக்கு மூச்சு வாங்காமல் ஏறிய கதையை எடுத்துவிட்டார். "நானும் போயிருக்கேன் மாமா, அஞ்சு வருஷம் முன்னாடி," என்று கடைக்காரரின் வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அந்தக் குகைக்கு ஏறினவன் எதிலும் சோடை போகமாட்டான் என்று மாஸ்டர் தோளில் தட்டினார். வரிசையில் முன்னால் நின்ற இன்ஜினியர் மாப்பிள்ளைக்கு அன்றே கதவைச் சாத்தினார்கள்.

கல்யாணமாகி நாலு மாதம் நிம்மதியாகத்தான் போயிற்று. போன வாரம் மாமியார் வாயைத் திறந்தார். ரெண்டு பேரும் சேர்ந்தாலே குகைப் பேச்சுதான், எங்களையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்டார். கடைக்காரர் சரக்குக் கணக்கெடுப்பு என்றார். மாஸ்டர்கூட முழங்கால் வலி என்று என்னவோ முனகினார். மாமியார் கடைக்கு லீவு நாளையும் முழங்காலுக்குத் தைலத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்.

"இடதுதான் மாமா," என்றார் கடைக்காரர். இடது பக்கம் நிழல் இருந்தது. அவரிடம் வேறு காரணம் இல்லை.

"அதேதான். என் நாக்கு நுனியில இருந்தது, நீங்க சொல்லிட்டீங்க."

கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குருட்டாம்போக்கில் சொன்னது சரியாக இருக்கிறதே. மாமியார் மட்டும் ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார். நீங்கள் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நானும் பொண்ணும் இங்கேயே இருக்கிறோம் என்றார். அந்த ஷூவில் கிளம்பும்போதே வெள்ளைத் தூசி படிந்திருந்ததைக் கடைக்காரர் கவனித்திருந்தார். சனிக்கிழமை தவறாமல் தையல் வகுப்புக்குப் போகிறவர், துணியில் கோடு போடுகிற சாக்கட்டித் தூளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு வருஷமாகப் போகிறாள், இன்னும் ஒரு தலையணை உறைகூடத் தைத்துக் காட்டவில்லை என்று மாஸ்டர் அடிக்கடி கேலி செய்வார்.

அரை மணி நேரம் ஏறினதும் பாதை ஓர் ஆட்டுக் கொட்டகையில் போய் முடிந்தது. உள்ளே இருந்த ஒரே ஆடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தது.

"இந்தக் கொட்டகை புதுசு மாமா. வழியை மறிச்சுக் கட்டிட்டாங்க," என்றார் கடைக்காரர்.

"ஆமா, எங்க காலத்துல இது கிடையாது," என்றார் மாஸ்டர்.

இறங்கி வந்தபோது பெண்கள் ஆரஞ்சு தின்று முடித்திருந்தார்கள். இனி வழியைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்க வேண்டுமென்றால் குகையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கடைக்காரர் முடிவு செய்தார். வலது பாதையில் ஏறிக்கொண்டே, உள்ளே ஒரு குளம் இருக்கிறது, தண்ணீர் பச்சையாக இருக்கும் என்று மனைவியிடம் சொன்னார். சொல்லும்போதுதான் அந்தக் குளத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் குளத்துலதான் நான் குளிச்சேன்," என்றார் மாஸ்டர். "ஐஸ் மாதிரி இருக்கும்."

கடைக்காரர் தடுக்கி விழப் பார்த்தார். தான் கற்பனையில் வெட்டின குளத்தில் மாமனார் எப்படிக் குளித்தார்? அப்படியானால் நிஜமாகவே குளம் இருக்கிறதா? நாக்கில் சனி என்பார்கள், இவருக்கு நாக்கில் ஜோசியம் இருக்கும் போலிருக்கிறதே. குளம் என்று முன்பே சொல்லியிருந்தால் மாற்றுத் துணி கொண்டுவந்திருப்பேனே என்று மாமியார் குறைப்பட்டுக்கொண்டார். குறைப்பட்டவரின் முகத்தில் ஏனோ குறை இல்லை.

பதிலுக்கு மாஸ்டர், திருப்பத்தில் யானை மாதிரி ஒரு பாறை வருமே, அது எங்கே மாப்பிள்ளை என்று கேட்டார். இது பரீட்சை என்று கடைக்காரருக்குப் பட்டது. இன்னும் கொஞ்சம் மேலே என்று ஒத்திப்போட்டார். அப்புறம் வழியில் கண்ட பாறையிலெல்லாம் தும்பிக்கை தேடினார். கடைசியில் இனிமேல் தாங்காது என்று ஒரு பாறையைக் காட்டினார். அது எருமை மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி.

"மழையில கரைஞ்சிருக்கும். இதேதான்," என்றார் மாஸ்டர்.

அந்த எருமையில் மறுபடி பாதை பிரிந்தது. யானைக்கு இடப்புறம்தானே மாமா என்று கடைக்காரர் கேட்க, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாஸ்டர் சொல்ல, இருவரும் ஒருவர் தயவில் ஒருவர் இடப்புறம் நடந்தார்கள். மாமியார் இந்தத் தடவையும் உட்கார்ந்துகொண்டார். பாவம், வயசாகிறது என்று கடைக்காரர் இரக்கப்பட்டார். இவர்கள் செங்குத்தாக ஏறி, சரளையில் சறுக்கி, முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு புதரை விலக்கிப் பார்த்தால், அதே ஆட்டுக் கொட்டகையின் பின்பக்கம். அதே ஆடு. இந்தத் தடவை அது எழுந்துகூடப் பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும் கடைக்காரர் மனைவியைத் தனியே அழைத்துப் போனார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் சொல்லணும்னு நினைச்சேன்," என்றாள் அவள், அவருடைய சட்டைக் கிழிசலைப் பார்த்தபடி. "அந்த இன்ஜினியரை வேண்டாம்னு சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்காம இருந்துச்சு. நல்லவேளை, நீங்க இந்த மலை ஏறியிருந்தீங்க. நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

"தண்ணி இருக்கான்னு கேக்க வந்தேன்."

தண்ணீரைக் குடித்தார். அவள் மேல் இருந்த பிரியம் முழுவதும் அந்த நிமிஷத்தில் பயமாக மாறி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

"வலது பக்கம் போய்ப் பார்ப்போமா?" என்றார் மாமியார். "சும்மா தோணுச்சு."

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் என்றார்கள் ஆண்கள் இருவரும் ஒரே குரலில். அதற்கு மேல் பாதை சுவர் மாதிரி நிமிர்ந்தது. பிடித்து ஏற இரும்புச் சங்கிலி போட்டிருந்தார்கள். மாஸ்டர் படிக்கு ஒரு தடவை நின்று இயற்கையை ரசித்தார். கடைக்காரர் ரசிக்கக்கூடத் தெம்பில்லாமல் சங்கிலியைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமியார் எப்போது தங்களைத் தாண்டிப் போனார் என்று இருவருக்கும் தெரியவில்லை.

உச்சியில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக்கல் குகையின் வாய் திறந்திருந்தது. வாசலில் ஒரு காவல்காரப் பெண், தலைக்கவசங்களையும் டார்ச் விளக்குகளையும் அடுக்கி வைத்திருந்தாள். கால் வைக்கிற இடமெல்லாம் வெள்ளைத் தூசி. கடைக்காரர் அதைப் பார்த்தார். எங்கேயோ பார்த்த தூசி மாதிரி இருந்தது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

முதல் தடவை வருகிறவர்கள் அவள் சொல்லும் எச்சரிக்கைகளை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அதெல்லாம் எங்களுக்கு வேண்டாம்மா. நானும் மாப்பிள்ளையும் பழைய ஆளுங்க. குளம் வரைக்கும் நாங்களே போயிடுவோம்."

"எந்தக் குளம்?" என்றாள் காவல்காரப் பெண்.

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கடைக்காரருக்கு முதல் தடவையாக ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது.

அதற்குள் காவல்காரப் பெண் அவர்களைத் தாண்டி, தலைக்கவசத்தை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்கக்கா. குகையைப் பார்க்காமலே பார்த்ததாக் கதை விடற ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன்னு போன சனிக்கிழமை சொன்னீங்களே, அது இவங்கதானா?"