பிரசாந்தியின் ஆறு மாதச் சனி

"பிள்ளை, துலைஞ்சு போன உன்ரை கணக்குச் சேட்டிபிக்கற்றுக்கு ஒரு புதுக்கொப்பி எடுத்துத் தா. கொழும்புக்காரர் கேக்கிறாங்கள்."

ஆழ்வாப்பிள்ளை முதலாளி இதைச் சொன்னபோது பிரசாந்தி பூசணிக்காய் லொறிக்குச் சிட்டை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. கொடிகாமம் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மொத்த வியாபாரக் கடையில் அவள் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறாள். அந்தப் பதினாறு வருடமும் அவளிடம் இல்லாதிருந்தது அந்தச் சேட்டிபிக்கற் ஒன்றுதான்.

சும்மா சொல்லக்கூடாது, பிரசாந்தி பொய்க்காரி அல்ல. இருபத்துநான்கு வயதில், இடம்பெயர்ந்து திரும்பி வந்து, தாயையும் வைத்துக்கொண்டு வேலை தேடித் திரிந்த காலத்தில் ஒரே ஒரு பொய் சொன்னாள். கணக்கியல் படித்த சேட்டிபிக்கற் இருக்கிறதா என்று முதலாளி கேட்டார். இடம்பெயரேக்கை துலைஞ்சு போச்சு என்றாள். அந்த வருடம் ஊரில் எல்லோருக்கும் எல்லாமே துலைந்திருந்தது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கலியாணப் படம். யாரும் யாரையும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. முதலாளியும் கேட்கவில்லை. "சரி, அப்ப இதிலை இரு" என்று கதிரையைக் காட்டினார்.

அந்தக் கதிரையில் இருந்துதான் அவள் தாய்க்கு மருந்து வாங்கினாள், வீட்டுக்கு ஓடு போட்டாள். முதலாளியை நினைத்தால் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அதனாலேயே அந்தப் பொய் அவளை இவ்வளவு காலமும் சுட்டுக்கொண்டிருந்தது.

இப்போது கடையின் முருங்கைக்காயை வாங்கி வெளிநாட்டுக்கு ஏற்றும் கொழும்புக் கொம்பனி ஒன்று கடிதம் போட்டிருந்தது. ஆடிக்குள் சேட்டிபிக்கற் உள்ள ஒருவர் கணக்கு எழுதாவிட்டால் தாங்களே ஓர் ஆளை அனுப்புவார்களாம். அனுப்பினால் அந்த ஆள் எங்கே இருப்பது? கடையில் கணக்குக் கதிரை ஒன்றுதான் இருந்தது.

"படிச்ச இடத்துக்கு எழுதிப் போடுறன் முதலாளி. அனுப்புவினம்" என்றாள் பிரசாந்தி.

முதலாளி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அவசரமில்லை" என்றார். தக்காளிப்பழம் விற்கிற மனிதர் வாயில் அவள் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை.

அந்தக் கிழமையே அவள் சாவகச்சேரியில் ஒரு கணக்கியல் வகுப்பில் சேர்ந்தாள். ஆறு மாதம், சனிக்கிழமைகளில் மட்டும், முடிவில் சோதனை. சனிக்கிழமை கடையில் மூச்சு விட நேரமிருக்காது. அன்றைக்கு லீவு கேட்பதென்றால் யாரும் மறுக்க முடியாத காரணம் வேண்டும். யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்குச் சனி தோஷம், ஆறு மாதம் சனிக்கிழமை தோறும் சாவகச்சேரிக் கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்கச் சாத்திரியார் சொல்லிவிட்டார் என்றாள்.

"புரட்டாதிச் சனிதானே பிடிக்கிறவை? இப்ப தை மாசமல்லோ?"

"எனக்குக் கொஞ்சம் கடுமையாம், முதலாளி."

சனீஸ்வரனோடு யார் தர்க்கம் பண்ணுவது? முதலாளி விட்டுவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். "நாளைக்கும் கோயிலோ? ஒரு கிழமை விட்டால் என்ன, அவர் கோவிக்கமாட்டார்" என்று பெருமூச்சு விடுவார். சனிக்கிழமை வேலை தேங்குகிறது, அதுதான் மனிதர் தவிக்கிறார் என்று பிரசாந்தி நினைத்தாள். நாலாம் கிழமை அவர் வாயை அடைக்க ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"உங்கடை பேரிலையும் ஒரு விளக்கு எரிக்கிறன் முதலாளி."

வாய் அடைபட்டது உண்மை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு போத்தல் நல்லெண்ணெயும் எள்ளுப் பொட்டலமும் மேசைக்கு வந்தன. அதைக் கண்டு மூட்டை இறக்குகிறவர்கள் தங்கள் பொட்டலங்களையும் கொடுத்துவிட்டார்கள். லொறி ஓட்டுகிற யாகப்பு வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். அவரும் ஒன்று கொண்டுவந்து, "சனி சமயம் பாத்தோ பிடிக்குது, தங்கச்சி?" என்றார்.

முதலாளியிடம் சொன்ன பொய்யே தாங்க முடியவில்லை, சனீஸ்வரனிடமும் ஒன்று சொல்ல அவளுக்குத் துணிவில்லை. எரிக்காமல் விட்டால் யாகப்புவின் லொறி எங்கேயாவது குடைசாய்ந்தால் யார் பொறுப்பு? ஆகவே விடியற்காலையில் பஸ் ஏறிப் போய், ஒவ்வொருவர் பேராகச் சொல்லி எரித்துவிட்டு, பிந்தித்தான் வகுப்புக்கு ஓடினாள். அவள் உள்ளே வந்தால் வகுப்பே கோயில் மாதிரி மணக்கும். படிப்பிக்கிற தாரிகாவுக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். நல்ல பிள்ளை, ஒன்றும் கேட்காமல் யன்னலோரமாக இடம் போட்டுக் கொடுத்தாள்.

படிப்பு அவளுக்குப் பிடித்துப் போனது. தான் பதினாறு வருடமாகத் தன்பாட்டில் செய்துவந்தவற்றுக்கெல்லாம் பெயர் இருந்தது. ஒவ்வொரு பெயரைக் கேட்கும்போதும், கண்ட முகத்துக்கு ஊரும் பேரும் தெரியவந்தது போல மகிழ்ந்தாள்.

கெட்ட காலத்துக்கு, எண்ணெய் வேலை செய்யத் தொடங்கியது. முதலாளியின் காணி வழக்கு ஏழு வருடத்துக்குப் பிறகு தீர்ந்தது. யாகப்புவின் மகளுக்குச் சம்பந்தம் பொருந்தியது. பொட்டலங்கள் பதினெட்டாகின. அவள் இன்னும் முந்திய பஸ்ஸைப் பிடிக்க வேண்டி வந்தது.

ஆனி மாதம் கடைசிச் சனிக்கிழமை பத்து மணிக்குச் சோதனை. அதற்கு முதல்நாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நாளைக்குப் பிள்ளையின்ரை நேர்த்தி முடியுது. ஆறு மாசம் எங்களுக்காக நெருப்புக்கு முன்னாலை நிண்டவள். தனிய முடிக்க விடேலாது. கடையைப் பூட்டிப்போட்டு எல்லாரும் போறம். பொங்கி, அபிசேகமும் செய்வம்."

பிரசாந்திக்கு அழுகை வந்தது. பாதி நன்றியில், பாதி பயத்தில். முதலாளிக்கு அது பக்தியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"இனிச் சனிக்கிழமையிலை கடையிலை நிப்பாய்தானே?" என்று அவர் இரண்டு தரம் கேட்டார்.

மறுநாள் ஏழு மணிக்கே லொறியில் கோயிலுக்குப் போய்விட்டார்கள். எட்டரைக்குள் முடிந்துவிடும் என்று பிரசாந்தி மனதில் கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் ஐயர் ஒரு வீட்டுக் கிரியைக்குப் போய்ப் பிந்தி வந்தார். பொங்கல் பானை பொங்க மறுத்தது. ஒன்பதரைக்கு அபிசேகம் பாலில் நின்றது. இன்னும் தயிர், தேன், இளநீர் எல்லாம் வரிசையாகக் காத்திருந்தன. வேறு வழி தெரியாமல், தலை சுற்றுகிறது, பக்கத்தில் தெரிந்த வீடு ஒன்றில் படுத்துவிட்டு வருகிறேன் என்றாள்.

"படுக்கிறதோ? ஆசுப்பத்திரிக்கு நட."

ஒரு நிமிடத்தில் அவளை லொறியின் முன் சீற்றில் ஏற்றிவிட்டார்கள். யாகப்பு ஓட்டினார், முதலாளி யன்னல் பக்கம், நடுவில் பிரசாந்தி. முதலாளியின் மடியில் அவசரத்தில் இறக்கிவைக்க மறந்த பொங்கல் பானை. ஆசுப்பத்திரிக்குப் போகிற வழியில்தான் அந்த வகுப்பு நடக்கும் கட்டடமும் இருந்தது. வாசலில் தாரிகா நின்று வீதியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் பிரசாந்திக்கு மேலும் ஒரு பொய் சொல்லத் தெம்பில்லாமல் போயிற்று.

"யாகப்பு அண்ணை, நிப்பாட்டுங்கோ."

லொறி நின்றது. அவள் முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் பொங்கல் பானையைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு வருத்தமுமில்லை, தலைச்சுத்துமில்லை முதலாளி. இண்டைக்குச் சோதனை. என்னட்டைச் சேட்டிபிக்கற் எண்டு ஒண்டு ஒருநாளும் இருந்ததில்லை. அண்டைக்கு உங்களுக்குப் பொய் சொன்னனான். சனிக்கிழமையிலை இஞ்சைதான் படிச்சனான்."

முதலாளியின் வாய் திறந்தபடி இருந்தது. "அப்ப நீ சனிக்கிழமை முழுக்கக் கோயிலிலை நிக்கேல்லையோ?"

"விடியப் போய் எரிச்சுப்போட்டுத்தான் வந்தனான். உங்கடை எண்ணெயிலை ஒரு சொட்டும் வீணாகேல்லை."

அவர் பானையை அணைத்தபடியே தலை குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. கோபத்தில்தான் நடுங்குகிறார் என்று பிரசாந்தி நினைத்தாள். இந்த மனிதருக்கா இதைச் செய்தேன் என்று கண் கலங்கியது. அவர் பானையோடு இறங்கி வழிவிட்டு, அவளுக்குப் பின்னாலேயே உள்ளே நடந்தார்.

சோதனை எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அதிகாரி கதவடியில் மேசை போட்டிருந்தார். கண்டிப்பான மனிதர் என்று தாரிகா முன்பே சொல்லியிருந்தாள். பத்து மணி தாண்டிவிட்டது, இனி உள்ளே விட முடியாது என்றார். தாரிகா கெஞ்சிப் பார்த்தாள். பிரசாந்தியின் கையில் எள்ளெண்ணெய்க் கறுப்பு இன்னும் காயவில்லை. அந்தக் கையை எடுத்துக் கும்பிட்டாள்.

"முழுப்பேர் என்ன? எங்கை வேலை?"

சொன்னாள். அதிகாரி பேனையை வைத்துவிட்டு, பையிலிருந்து வேறொரு கோவையை எடுத்துப் பிரித்தார். அதைப் பார்த்தார். பிறகு அவளையும், அவளுக்குப் பின்னால் பானையோடு நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, உங்களிட்டைச் சேட்டிபிக்கற் இல்லை, பதினாறு வருச அனுபவம் இருக்கு, உங்களுக்குச் சொல்லாமல் கடைக்கு வந்து வேலையைப் பாத்துச் சோதனை இல்லாமலே ஒண்டு குடுங்கோ எண்டு உவர், உங்கடை முதலாளி, தை மாசமே எழுதித் தந்திட்டார், வேலை பாக்க நான் வெளியிலை வாறது சனிக்கிழமையிலைதான், ஆனால் ஒவ்வொரு சனியும் போன் எடுத்தால் பிள்ளை கோயிலுக்குப் போயிட்டுது எண்டல்லோ உவர் சொல்லுறார்."