கிப்பர் நடந்த என் நடை

தினமும் பத்தாயிரம் அடி நடப்பது என்று நான் சபதம் எடுத்தேன். சரியாகச் சொன்னால், என் மனைவி லொரேன் எடுத்தாள், நான் தலையாட்டினேன். என் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர், மூன்று மாதத்தில் குறையாவிட்டால் ஊசிதான் என்று சொல்லிவிட்டார். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நாற்காலி தேவைப்படும்.

லொரேன் என் மணிக்கட்டில் அடிகளை எண்ணும் பட்டை ஒன்றை மாட்டி, கிப்பரையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். கிப்பர் எங்கள் நாய். உடம்பு ஒரு முழம், கால் நாலு விரல். முதல் நாள் எங்கள் ஊர் இல்க்லி மேட்டில் பாதி ஏறியதுமே எனக்கு மூச்சு வாங்கியது. கிப்பர் நின்று, திரும்பி, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான்.

இறங்கி வரும்போதுதான், ஊரார் நாய்களைக் கூலிக்கு நடத்திக் கூட்டிப்போகும் ரோவீனாவின் வேன் கண்ணில் பட்டது. 'கூட்டு நடை. சின்ன நாய்கள், சாதுவான நாய்கள் மட்டும்' என்று அதில் எழுதியிருந்தது. அடடா, என் மூளையே மூளை.

மறுநாள் எட்டரைக்கு லொரேன் நூலக வேலைக்குக் கிளம்பினாள். ஒன்பதுக்கு வேன் வந்தது. ஆறு நாய்களுக்குப் பக்கத்தில் ஏழாவதாகக் கிப்பர் ஏறினான். என் கைப்பட்டை அவன் கழுத்துவாரில் இருந்தது. தொலைந்தால் கண்டுபிடிக்கிற கருவி என்று ரோவீனாவிடம் சொல்லிவைத்தேன். அவன் நடந்தான். நான் பெரிலின் சிற்றுண்டிக் கடையில் பன்றி வறுவல் வைத்த ரொட்டியோடு கிடந்தேன்.

சாயங்காலம் லொரேன் பட்டையைப் பார்த்தாள்.

"இருபத்தெட்டாயிரமா? இந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"மனசு வெச்சா முடியும்."

"வலிக்கலையா கண்ணு?"

"பழகிடுச்சு."

"முடிகூடப் பளபளன்னு ஆயிடுச்சு உனக்கு."

நான் பெருமையோடு தலையைத் தடவிக்கொண்டேன். மூன்று வாரம் இப்படியே ஓடியது. கிப்பர் இளைத்தான். என் கால்சட்டைப் பொத்தான் ஒன்று வேலையை விட்டுப் போனது.

ஒரு சனிக்கிழமை லொரேன் தன் போனை என் முன்னால் வைத்தாள். விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் வரிசையாக ஏழு நாய்கள். நடுவில் கிப்பர், கழுத்தில் என் பட்டையோடு. தள்ளத் தள்ளப் படங்கள் வந்தன. மழையில் கிப்பர், சேற்றில் கிப்பர், பிறந்தநாள் தொப்பியில் கிப்பர்.

நடை முடிந்ததும் நாய்க்காரருக்குப் படம் அனுப்புவது இந்தத் தொழிலில் வழக்கம். எனக்கு வேண்டாம் என்று நான் ரோவீனாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். கடமை தவறாத பெண், கிப்பரின் கழுத்துத் தகட்டில் இருந்த போன் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறாள். எங்கள் ஊரில் தகடு இல்லாமல் நாய் தெருவில் இறங்கக் கூடாது. அதில் லொரேனின் எண்ணைப் பொறித்து வாங்கி வந்தவன் நான்தான்.

"எப்போலருந்து தெரியும்?"

"மொதல் நாள் பதினோரு மணிக்கே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"உன் பொய் எத்தனை அடி நடக்கும்னு பாத்தேன்." சிரித்துக்கொண்டே சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். "ஊசி உனக்குத்தான் டெஸ்மண்ட், கிப்பருக்கு இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. திங்கள் முதல் நானே நடக்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். தெரியும் என்று சொல்லி ஒரு தாளை நீட்டினாள். ரோவீனாவின் சேர்க்கைப் படிவம். லொரேனின் கையெழுத்தில் நிரப்பியிருந்தது.

சின்ன உருவமா? ஆம், அகலத்தில் தவிர. சாதுவா? மாட்டிக்கொண்டால். கூப்பிட்டால் வருமா? தின்பதற்கு ஏதாவது காட்டினால்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வேன் வந்தது. பின்கதவைத் திறந்து, கிப்பருக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் ஒதுக்கினாள் ரோவீனா. மேட்டில் முழுசாக ஏறினேன். மூன்று முறை உட்கார்ந்தேன். ஏழு நாய்களும் மூன்று முறையும் எனக்காகக் காத்திருந்தன.

பதினோரு மணிக்கு லொரேனுக்குப் படம் போனது. அதே மரம், எட்டுப் பேர். கீழே ரோவீனா எழுதியிருந்தாள்: 'புது வரவு கடிக்கவில்லை. பெரில் கடையைத் தாண்டும்போது மட்டும் இழுக்கிறார்.'