சம்பந்தி நிற்க மாட்டார்

சம்பந்தி ஆகப்போகிறவரோடு சைக்கிளில் போகும்போது முன்னால் போவதா, பின்னால் போவதா என்று மருதப்பனுக்குத் தெரியவில்லை. ஜாலான் புசார் வட்டாரத்தில் அவர் வேலை பார்க்கும் இரும்புச் சாமான் கடையிலும் யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு ஆயிரம் சாஸ்திரம் எழுதி வைத்தவர்கள் சைக்கிளுக்கு ஒரு வரி எழுதாமல் போய்விட்டார்கள்.

"இதுல என்னண்ணே சந்தேகம்? மாப்பிள்ளை வீட்டுக்காரவங்கள முன்னால விட்டுட்டு நீங்க பின்னாலயே போங்க," என்றார் முதலாளி அப்துல் முத்தலிப். சொன்னதோடு நிற்காமல் கடைச் சைக்கிளையும் கொடுத்தார். முன்னால் கூடை, பின்னால் பெயின்ட் டின் கட்டுகிற கேரியர். மிதித்தால் வண்டி நகர்வதற்கு முன்பே சத்தம் நகர்ந்துவிடும்.

வினை வந்தது ஒரு படத்தால். கடைக்குப் பூட்டு வாங்க வந்த ஒருவர் தம் பந்தய சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே போனார். மருதப்பன் சும்மா இருந்திருக்கலாம். அதன்மேல் கையைப் போட்டுக்கொண்டு படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் தம் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

மகள் திவ்யதர்ஷினி விரும்பும் பையன் கீதன். அவனுடைய அப்பா விஸ்வலிங்கம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சிப் பக்கம் சைக்கிள் ஓட்டலாம், மற்றதை அங்கே பேசலாம் என்று சொல்லி அனுப்பினார்.

"அப்பா, அங்கிள் இன்னும் கல்யாணத்துக்கு ஓகே சொல்லல," என்றாள் திவ்யா. "அவர் ஆடிட்டரா இருந்தவர் லா. பொய் சொல்றவங்களக் கண்டாலே ஆகாதாம். ப்ளீஸ்பா, பாதியில முடியலன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மருதப்பன் கடைசியாகச் சைக்கிள் மிதித்தபோது அவளுக்குப் பல்கூட முளைத்திருக்கவில்லை. ஆனால் பெண்ணைப் பெற்றாயிற்று. மலை ஏறச் சொன்னாலும் ஏறத்தானே வேண்டும்?

ஞாயிறு காலை கிராஞ்சி அணைக்கட்டில் விஸ்வலிங்கத்தைப் பார்த்ததும் மருதப்பனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. மஞ்சள் பனியன், இறுக்கமான கறுப்புக் கால்சட்டை, தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி. மெலிசான டயர் வைத்த சைக்கிளில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். மகள் பிரசாந்தி பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கோ மருதப்பன். சைக்கிள்காரருக்கு இந்தக் காத்தெல்லாம் ஒரு காத்தோ?"

"அதானே சார்," என்று சிரித்து வைத்தார் மருதப்பன்.

"ரெடியா அப்பா?" என்ற பிரசாந்தி, சைக்கிளோடு நாலு எட்டு ஓடி, ஒரு தள்ளுத் தள்ளி விட்டாள். விஸ்வலிங்கம் பறந்தார்.

பந்தயக்காரர்களைத்தான் இப்படித் தள்ளி அனுப்புவார்கள் என்று மருதப்பன் எங்கோ டிவியில் பார்த்திருந்தார்.

"அங்கிள், நான் வேன்ல வந்து ஆட்டுப் பண்ணை வாசல்ல நிக்கிறேன்," என்றாள் பிரசாந்தி. அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குத் தெம்பு. ஆட்டுப் பண்ணையில் நிற்பார்கள். ஆளுக்கொரு ஆட்டுப்பால் குடித்தபடி பேசி முடித்துவிட்டு, கால் சுளுக்கிக்கொண்டது என்று வேனில் ஏறிவிடலாம்.

முத்தலிப் சொன்னபடி பின்னாலேயே போனார். நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து காற்று எதிரே வந்து முகத்தில் மோதியது. ஆனால் அவருக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. ஏன் என்று யோசித்தார். காற்றை முழுக்க முன்னால் போகிறவர் வாங்கிக்கொண்டிருந்தார். மரியாதை என்று நினைத்துச் சம்பந்தியைத் தட்டியாக வைத்துக்கொண்டு போகிறோமே என்று பதறிப்போய், உயிரைக் கொடுத்து மிதித்து முன்னால் வந்தார்.

திரும்பிப் பார்த்தால் விஸ்வலிங்கத்தின் முகம் கல்லாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முந்தியதில் கோபம் வந்துவிட்டதோ? மருதப்பன் வேகத்தைக் குறைத்து மறுபடி பின்னால் போனார். அதற்குள் காற்றும் திசை மாறிப் பின்னாலிருந்து தள்ளியது. இப்போது சம்பந்திக்கு வருகிற காற்றை மறைத்துக்கொண்டு போவது மருதப்பனின் முதுகு. என்ன செய்தாலும் குற்றமாகத்தான் முடிந்தது.

நியோ தியூ சாலையில் வெயில் அடித்தது. நாற்றுப் பண்ணை ஒன்றைத் தாண்டியதும் இருட்டிக்கொண்டு வந்தது. பொட்டுப் பொட்டாக மழை விழுந்தது.

"சார், பஸ் ஸ்டாப்ல கொஞ்சம் ஒதுங்கலாமா?"

"மழை என்ன செய்யும்? போவம், போவம்."

போனார். பஸ் ஸ்டாப்பில் காலை ஊன்றிவிட்ட மருதப்பன் மழையிலேயே துரத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அடுத்த யோசனை. "சார், என் பிரேக் சரியா பிடிக்க மாட்டேங்குது. நின்னு பாத்துருவோமா?"

"பிரேக்கோ? நான் அதைத் தொடுறதே இல்லை," என்றார் விஸ்வலிங்கம், திரும்பிப் பார்க்காமல்.

எப்பேர்ப்பட்ட மனுசனிடம் மாட்டிக்கொண்டோம் என்று மருதப்பன் நொந்துபோனார்.

ஆட்டுப் பண்ணையின் போர்டு தெரிந்ததும் அவர் கண்ணில் நீரே வந்துவிட்டது. விஸ்வலிங்கமும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினார். வாசலில் வேன் இல்லை.

"பிரசாந்தி எங்கே?" என்றார்.

"வந்துருவாங்க சார். நாம நின்னு ஆட்டுப்பால் குடிச்சிட்டிருப்போம்."

"இல்லை, இல்லை. போவம்."

பண்ணை வாசல் வந்தது, போயிற்று. அது போன வழியையே மருதப்பன் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு மிதித்தார். முச்சந்தியிலும் விஸ்வலிங்கம் நிற்கவில்லை. ஊழியர்களை ஏற்றி வந்த லாரி ஒன்றுதான் அவருக்காக நின்றது. லாரியில் இருந்த தம்பிகள் கைதட்டினார்கள். "ஐயா, செம ஸ்பீடு," என்று ஒருவன் சொல்ல, விஸ்வலிங்கம் கை காட்டக்கூடத் திரும்பவில்லை. கைப்பிடியை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார். மண்டைக்கனம் கொஞ்சம் உண்டுபோல என்று மருதப்பன் மனத்தில் குறித்துக்கொண்டார். மகள் இந்த வீட்டில்தான் வாழப்போகிறாள் என்பது அப்போது அவருக்கு முள்ளாகக் குத்தியது.

கடைசியில் லிம் சூ காங் படகுத்துறை வந்தது. அதற்கு மேல் சாலை இல்லை. கடல்தான். இனி நின்றுதான் ஆக வேண்டும், கடலிலா ஓட்டுவார்?

விஸ்வலிங்கம் நிற்கவில்லை. சாலை முடிந்த இடத்தில் வட்டமடிக்க ஆரம்பித்தார். அதே நேரம் கடலிலிருந்து ஒரு காற்று வந்து கடைச் சைக்கிளின் கூடையைப் பிடித்துத் தள்ள, மருதப்பன் புல்லில் போய் விழுந்தார்.

"அடி பட்டுதோ?" என்ற குரல் பக்கத்தில் வந்தது. பிறகு தூரப் போனது. "எழும்பேலுமோ?" மறுபடி பக்கத்தில். "ரத்தம் ஏதும்..." மறுபடி தூரத்தில்.

விழுந்தவனைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டுகிற ஒருவரை மருதப்பன் வாழ்நாளில் பார்த்ததில்லை. இறங்கி ஒரு கை கொடுக்கக்கூட மனம் வரவில்லையா? அதுவரை அடக்கி வைத்திருந்த எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. சேறும் சகதியுமாக எழுந்து, சைக்கிளுக்குக் குறுக்கே போய் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்திவிட்டார்.

"சார், அந்தப் படத்துல இருக்கிற சைக்கிள் என்னோடது இல்ல. நான் சைக்கிள்காரனே இல்ல. எனக்கு முடியல. அணைக்கட்டைத் தாண்டும்போதே முடியல. பொண்ணுக்காகத்தான் வாய மூடிட்டு வந்தேன். பொய் சொன்னவன் வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டேன்னா அதையாவது ஒரு இடத்துல நின்னு சொல்லுங்க."

விஸ்வலிங்கம் சைக்கிளில் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் மருதப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"நல்லா இருப்பீங்கள் ஐயா," என்றார். "உங்களைப்போல ஒரு ஆள் சம்பந்தியா வாறதுக்கு நாங்கள் குடுத்து வைக்க வேணும். தைப்பூசம் முடிய நிச்சயதார்த்தத்தை வைப்பம்."

மருதப்பனுக்கு நம்ப முடியவில்லை. உண்மைக்கு இவ்வளவு மதிப்பா? ஆடிட்டர் என்றால் ஆடிட்டர்தான். இவரைப் போய் மண்டைக்கனம் பிடித்தவர் என்று நினைத்துவிட்டோமே என்று உருகிப்போனார்.

"அப்போ இறங்குங்க சார். அப்படி உக்காந்து பேசுவோம்."

"இல்லை, கொஞ்சம் இப்படியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ," என்றார் விஸ்வலிங்கம். பிடி இன்னும் இறுகியது. பாசக்காரர்.

மழை விட்டு, எதிர்க்கரையில் மலேசியா மெல்லத் தெரிய ஆரம்பித்தபோது வேன் வந்து நின்றது. பிரசாந்தி கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தாள்.

"ஸாரி அங்கிள், காத்துல மரம் விழுந்து ரோட்டை மறிச்சிடுச்சு. அதான் பண்ணைக்கு வர முடியல," என்று சொல்லிக்கொண்டே அப்பாவின் சைக்கிள் சீட்டைக் கெட்டியாகப் பிடித்தாள். "இப்ப வலது காலை மட்டும் கீழ வைங்க அப்பா. பயப்படாதீங்க. ஆங், அப்படித்தான்."

விஸ்வலிங்கம் தரையைத் தொட்டார். கால் பதிந்ததும் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்பாவ மாதிரி ஒரு சைக்கிள்காரரை நான் பாத்ததே இல்லம்மா," என்றார் மருதப்பன். "மழைக்கும் நிக்கல, பாலுக்கும் நிக்கல, நான் விழுந்ததுக்கும் நிக்கல."

பிரசாந்தி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கடலைப் பார்த்தார்.

"உங்க வாட்ஸ்அப் படத்தைப் பாத்துட்டு, உங்களுக்கு ஈடு குடுக்கணும்னுதான் அப்பா சைக்கிளே பழக ஆரம்பிச்சார் அங்கிள். ஓட்டுற வரைக்கும்தான் சொல்லிக் குடுத்திருக்கேன், இறங்குறது அடுத்த வாரம்தான்."