சம்பந்தியம்மா கேள்விக்கு நான்கு விடைகள் வேண்டும்

என் அக்காள் ஈன்ற ஒரே முத்தும், கடல் தாண்டிப் போயும் மாமனை மறவாத மாணிக்கமும் ஆகிய மருமகளுக்கு, தேர்வுத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வினாத்தாள் தயாரித்து, லட்சோப லட்சம் மாணவர்களின் நகங்களை அவர்களே கடித்துத் தீர்க்கும்படி செய்த உன் தாய்மாமன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அத்தையும் சுகம். கணினி மட்டும் கொஞ்சம் சுகமில்லை. அவ்விடம் நீயும், மாப்பிள்ளையாகப் போகிறவரும் சுகமாக இருக்க வேண்டும். மின்னஞ்சல் இருக்கத் தபாலில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். மின்னஞ்சலில் நான் எதை அழுத்தினாலும் உன் அம்மாவுக்கும் ஒரு பிரதி போய்விடுகிறது. இந்த விஷயம் என் அக்காள் காதுக்குப் போனால் நான் இந்தப் பூமண்டலத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆகவே நீ இதை உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படிக்கவும்.

அடுத்த மாதம் மாப்பிள்ளையின் அம்மா இங்கே வருகிறார், அவருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது, போனில் மொழிபெயர்க்கும் எந்திரம் அவருக்கு ஆகாது, மனிதர்களின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார், பதில் பிடித்தால்தான் கல்யாணத்துக்குச் சம்மதிப்பார், மாப்பிள்ளைக்கு லீவு கிடையாது என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் "நல்லவேளை, மாமா, நீங்க இருக்கீங்க" என்று முடித்திருந்தாய். அந்த ஒரு வரியைப் படித்ததும் நாற்காலியிலிருந்து நான் விழவில்லை. நாற்காலிதான் என்னிடமிருந்து விழுந்தது.

வினை தொடங்கிய இடம் உனக்கே தெரியும். போன லீவுக்கு வந்தபோது உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீ கல்யாண விஷயத்தைச் சொன்ன அன்று, உன் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அந்தம்மாகிட்ட நாம எந்த பாஷையில பேசறது?" என்றாள். உன் அப்பா வழக்கம்போலத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சும்மா இருந்திருக்கலாம். நானும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் உன் முகம் வாடிப் போயிருந்ததைப் பார்த்ததும் என் வாய், என்னைக் கேட்காமலே, "ஸ்பானிஷா? அது எனக்குத் தண்ணி பட்ட பாடாச்சே" என்றுவிட்டது. "எப்படா படிச்சே?" என்றாள் அக்காள். "படிச்சிட்டே இருக்கேன்" என்றேன். பொய் சொன்னது மத்தியானம் ஒன்றரை மணிக்கு. அதை உண்மையாக்கும் வேலையை மூன்று மணிக்கே ஆரம்பித்துவிட்டேன் என்பதை நீ மறக்கக் கூடாது.

இணையத்தில் ஸ்பானிஷ் பயிற்சிகள் என்று தேடினால், அம்மாடி, மழைக்காலத்து ஈசல் தோற்றது. முதல் தளம் நான் எந்திரமா மனிதனா என்று கேட்டு, போக்குவரத்து விளக்குகள் உள்ள கட்டங்களைத் தொடச் சொன்னது. மூன்று முறை தொட்டும் நம்பவில்லை, என்னை எந்திரமென்று முடிவு கட்டி வெளியே தள்ளியது. இரண்டாவது தளம் பத்துப் பயிற்சிகள் கொடுத்துவிட்டு, பதினோராவதில் கதவைச் சாத்தியது. மூன்றாவது ஒன்றில் ஒரு கிளி வந்து, நான் ஒரு நாள் பயிற்சி செய்யாவிட்டால் மறுநாள் கண்ணீர் விட்டது. பச்சைப் பறவை அழுவதைப் பார்க்கும் வயசா எனக்கு? கடைசியில் யாரோ ஒரு டீச்சரம்மா சொந்தமாக நடத்தும் பக்கம் கிடைத்தது. அலங்காரம் கிடையாது, கிளி கிடையாது. நானூற்றுப் பன்னிரண்டு பயிற்சிகள், அத்தனையும் "சரியான விடையைத் தேர்ந்தெடு". அ, ஆ, இ, ஈ மாதிரி ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. மருமகளே, பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்ணைப்போல எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இங்கேதான் என் வித்தையே எனக்கு எமனாக வந்தது. முப்பத்தொரு வருஷம் நாலு விடைக் கேள்வி தயாரித்தவனிடம் அந்த டீச்சரம்மாவின் ஜம்பம் பலிக்குமா? எல்லாவற்றிலும் நீளமாக இருப்பதுதான் சரியான விடை, ஏனென்றால் பொய்யை இரண்டு வார்த்தையில் முடித்துவிடலாம், உண்மைக்குத்தான் நாலு நிபந்தனை போட்டு எழுத வேண்டியிருக்கும். இரண்டு விடைகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தால் அதில் ஒன்றுதான் சரி. சந்தேகம் வந்தால் மூன்றாவது. எந்த வாத்தியாருக்கும் சரியான விடையை முதலிலேயே வைக்க மனசு வராது. இந்தச் சூத்திரங்களை வைத்துக்கொண்டு, கேள்வி எதைப் பற்றியது என்றுகூடப் பார்க்காமல், பதினேழு நாளில் நானூற்றுப் பன்னிரண்டையும் முடித்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு! "உயர்நிலை" என்று சான்றிதழ் வந்தது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, கண்ணாடி போட்டு, ஹாலில் மாட்டினேன். உன் அம்மா வந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம குடும்பத்துல ஒருத்தனாவது உருப்பட்டானே" என்றாள். அந்தப் போட்டோதான் உனக்கு வந்தது, அங்கிருந்து மாப்பிள்ளைக்குப் போனது, அங்கிருந்து சம்பந்தியம்மாவுக்குப் போனது. அதற்குப் பிறகுதான், "அவ்வளவு படித்த மனிதர் இருக்கும்போது நான் நேரிலேயே வந்து பேசுகிறேன்" என்று அந்தம்மா கிளம்பினார் என்று நீ எழுதியிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் காரணம் நானேதான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நானூற்றுப் பன்னிரண்டு போக, வாயால் சொல்லிப் பழகும் பயிற்சிகளும் டீச்சரம்மாவின் பக்கத்தில் இருந்தன. கணினி ஒரு வாக்கியம் சொல்லும், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும், சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. நான் கூரை அதிரச் சொன்னேன், சிவப்பு. குழைந்து சொன்னேன், சிவப்பு. கீழ்வீட்டுத் தையல்காரர் மேலே வந்து, "சார், யாரையாவது அடிக்கறீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். சீ போ என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பச்சை! அடுத்த வாக்கியத்துக்கும் மூடிக்கொண்டேன். மறுபடி பச்சை! மௌனத்தின் மகிமையை எந்திரமும் அறிந்திருக்கிறது என்று நானும் நாற்பது வாக்கியங்கள் மௌனமாகவே தேறினேன். அப்போது சமையலறையில் உன் அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல என்னைத் திட்டுகிறாள் என்று நான் பொருட்படுத்தவில்லை.

என் சாயம் வெளுத்தது போன செவ்வாய்க்கிழமை. தெருவில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி பெட்டியும் கையுமாக வழி தெரியாமல் நின்றார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "சார் வாங்க, இவங்க ஸ்பானிஷ்! நம்ம சார் அதுல உயர்நிலை!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கூவினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு சக்கரவர்த்தி படியிறங்கும் தோரணையில் போனேன். அந்த மனிதர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். கேள்வி மட்டும் கேட்டுவிட்டு ஒரு மனிதர் விடைகளைத் தராமல் நின்றால் நான் எதைத் தேர்ந்தெடுப்பது? மறுபடி கேட்டார். கிராசியாஸ் என்றேன். அதற்கு நன்றி என்று பொருளாம். வழி கேட்டவரே நன்றி வாங்கிக்கொண்டு திகைத்துப் போனார். அந்த நேரம் பார்த்து உன் அத்தை காய்கறிப் பையோடு வந்தவள், அவர்களிடம் கையை ஆட்டி என்னமோ சொன்னாள். அவர்கள் முகம் மலர்ந்து, சிரித்து, அவளுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். "என்னடி சொன்னே?" என்றேன். "ஸ்டேஷன் ரெண்டாவது வலது பக்கம்னு சொன்னேன்" என்றாள். "எப்படி?" என்றேன். "வாயாலதான்" என்றாள்.

ஏதோ சைகையில் சமாளித்திருக்கிறாள், தற்செயல் என்று விட்டுவிட்டேன். என் கவலையெல்லாம் உன் கல்யாணம். சம்பந்தியம்மா கேட்கப்போகும் அந்த ஒரு கேள்விக்கு நான் கிராசியாஸ் என்று சொல்லி, அவர் திரும்பிப் போய், மாப்பிள்ளையோ அம்மா பேச்சைத் தட்டாதவராய், நீ சாப்பாட்டு மேசையில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த முகத்தோடு ஆயுசு பூராவும் உட்கார்ந்திருந்தால் நான் என்ன ஆவேன்? சிரிப்புக்கு எழுதவில்லை. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. (மூன்று கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.)

ஆகவே தாழ்மையான வேண்டுகோள். சம்பந்தியம்மா தம் கேள்வியை முன்கூட்டியே எழுத்து மூலம் அனுப்பி வைக்கட்டும். கேள்வியோடு நான்கு விடைகளும் இருக்க வேண்டும். சரியான விடை மற்ற மூன்றைவிட ஒரு வரியாவது நீளமாக இருப்பது உத்தமம். இது எங்கள் குடும்பத்து முறை, பரம்பரை பரம்பரையாக நாங்கள் எந்தக் கேள்வியையும் நான்கு விடைகளோடுதான் ஏற்போம் என்று அவரிடம் நீயே பக்குவமாக எடுத்துச் சொல். அது முடியாதென்றால் அவர் வருகையை ஓர் ஐந்தாறு வருஷம் தள்ளிப்போடு. அதுவும் முடியாதென்றால், எனக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை, அறுபது வயது வரை பேசக் கூடாதென்று சொல்லிவிடு. எனக்கு இப்போது அறுபத்திரண்டு என்பதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று, கேட்கிற கேள்விக்கெல்லாம் விடை தெரிந்த குழந்தைகளைப் பெற்று, நிறைந்து வாழ வேண்டுமென்று மனமார வாழ்த்துகிறேன். படித்ததும் கிழித்து, கிழித்ததும் எரித்து, எரித்த சாம்பலையும் உன் அம்மா கண்ணில் படாமல் கரைத்துவிடவும்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா (உயர்நிலை)

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள். உறையில் போட்டு ஒட்டப் போகும்போது கணினி மணி அடித்தது. அழுத்தினால் சம்பந்தியம்மா! அடுத்த மாதம் வரை பொறுக்க முடியவில்லையாம், மாப்பிள்ளை இணைப்புக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம். தலைக்கு மேலே சான்றிதழ், எதிரே அந்தம்மா. இணையம் நின்றுபோனதாக நினைக்கட்டும் என்று நான் கண்ணிமைக்காமல் சிலையாக உட்கார்ந்தேன். பின்னால் மின்விசிறி சுற்றுவதை மறந்துவிட்டேன். உன் அத்தை கரண்டியோடு வந்து, "ஏங்க, தள்ளுங்க" என்று என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, அந்தம்மாவோடு முக்கால் மணி நேரம் பேசினாள். ஸ்பானிஷ்! பதினேழு நாளும் சமையலறையில் அவள் முணுமுணுத்தது இதுதானாம். எனக்கு வந்த பச்சை விளக்கெல்லாம் அவள் குரலுக்கு வந்ததாம். "உங்க காதுல விழலையா?" என்கிறாள்.

அந்த ஒரு கேள்வியும் வந்தது. "என் பையனுக்கும் உங்க பொண்ணுக்கும் சண்டை வந்தா, நீங்க யார் பக்கம்?" அத்தை யோசிக்கவே இல்லை. "உங்க பையன் பக்கம்" என்றாள். அந்தம்மா ஆச்சரியப்பட்டு ஏன் என்றாராம். "எங்க பொண்ணுக்கு ஆள் தேவைப்படாது" என்றாளாம். எதிர்ப்பக்கம் சிரித்த சிரிப்பில் கணினியே குலுங்கியது. சம்மதம் சொல்லிவிட்டார். தேதி பார்க்கச் சொல்கிறார். முப்பத்தொரு வருஷ அனுபவத்தில், எல்லாவற்றிலும் சின்ன விடை சரியாகிப் பார்த்தது எனக்கு இதுவே முதல் தடவை.

சான்றிதழில் என் பெயர் மேல் அத்தை பெயரை எழுதிய சீட்டை நானே ஒட்டிவிட்டேன். நாளையிலிருந்து அவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள். எவ்வளவு கெஞ்சியும் நான்கு விடைகள் தர மாட்டேன் என்கிறாள்.